சத்யாவுக்குப் பதினெட்டு ஆகும் வரை

ஆவடி குவார்ட்டர்ஸில் எங்கள் வீட்டுக்கு நேர் எதிர் வீட்டில் ஞானகுமாரி இப்போதும் இருக்கிறாள். பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலையில் கிளார்க் வேலை. புதிதாகக் குடிவருகிறவர்கள் அவளைப் பார்த்துவிட்டு, "அந்தம்மா ரொம்ப அமைதிங்க" என்று என்னிடம் சொல்வார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அமைதியாம். பத்தாம் வகுப்பில் கரும்பலகையில் போட்ட கணக்கு தப்பு என்று எழுந்து நின்று வாத்தியாரோடு மல்லுக்கட்டியவள் அவள். பக்கத்தில் உட்கார்ந்து, வாத்தியார் சொல்வதுதான் சரி என்று நினைத்துக்கொண்டிருந்தவள் நான். அவள் பி.எஸ்சி. கணக்கு முடித்தாள். நான் பத்தோடு முடித்துக்கொண்டு அம்பத்தூர் எஸ்டேட்டில் பேக்கிங் வேலைக்குப் போனேன்.

எண்பத்தாறாம் வருஷம் அவளுக்கு எம்.எஸ்சி. இடம் கிடைத்தது. கன்னியாஸ்திரிகள் நடத்துகிற பெண்கள் கல்லூரி. எங்கள் வீட்டு வரிசையிலேயே எம்.எஸ்சி. வரைக்கும் யாரும் போனதில்லை. அவள் அப்பா அருள்தாஸ் தொழிற்சாலையில் மெஷின் ஷாப்பில் இருந்தார். திண்டுக்கல் பக்கத்திலிருந்து வந்த குடும்பம். மனிதர் அதிகம் பேச மாட்டார். அன்றைக்கு மட்டும் கேண்டீன் மிக்சர் பொட்டலத்தோடு வீடு வீடாக வந்து, "பொண்ணு மேல படிக்கப் போவுது" என்று சொல்லிவிட்டுப் போனார்.

கல்லூரி திங்கட்கிழமை திறப்பதாக இருந்தது. முந்தின வியாழக்கிழமை வேலை முடிந்து சைக்கிளில் வந்தவர், வாசலில் ஸ்டாண்டு போடக் குனிந்தார். அப்படியே சரிந்தார். ஆஸ்பத்திரிக்குப் போவதற்குள் முடிந்துவிட்டது.

குவார்ட்டர்ஸில் சாவு என்றால் கூடவே இன்னொரு விஷயமும் வரும். வெளியில் இருக்கிறவர்களுக்கு இது புரியாது. வேலையில் இருக்கும்போதே ஒருவர் இறந்துபோனால் வீட்டில் ஒருவருக்கு வேலை தருவார்கள். வேலை இருந்தால் குவார்ட்டர்ஸ் வீடும் இருக்கும். அதனால் சவப்பெட்டி வருவதற்கு முன்னாலேயே, அழுகைச் சத்தத்துக்கு நடுவிலேயே, யாராவது ஒருவர் பையனுக்கு என்ன வயசு என்று கேட்டுவிடுவார்கள். கேட்பது தப்பு என்று யாரும் நினைப்பதில்லை. அதுவும் ஒரு அக்கறைதான்.

அன்றைக்குக் கேட்டவர் கோதண்டம். யூனியனில் ஏதோ பொறுப்பில் இருந்தார். எங்கள் வரிசையில் எந்த வீட்டில் எது நடந்தாலும் அவர்தான் சட்டம். ஞானகுமாரியின் தம்பி சத்யராஜுக்குப் பதினேழு வயதுதான் ஆகியிருந்தது. அம்மா தெரசாவுக்குக் கையெழுத்துப் போடத் தெரியும், அவ்வளவுதான். கோதண்டம் மோவாயைத் தடவிக்கொண்டே வழி சொன்னார்.

"இதுல இன்னாமா கீது? இப்ப பாப்பா போய் வேலைல உக்காரட்டும். தம்பிக்குப் பதினெட்டு ஆனதும் அது பேருக்கு மாத்திக்கினா முடிஞ்சுது. கேஸ் கனெக்ஷன் மாத்துறோம், ரேஷன் கார்டு மாத்துறோம், இது மட்டும் மாத்த முடியாதா?"

அங்கே இருந்த அத்தனை பேரும் தலையாட்டினோம். நானும்தான். வீட்டுக்கு ஒரு வேலை என்றுதானே எல்லோரும் பேசிக்கொண்டோம். அது வீட்டுக்குள் யார் கைக்கு வேண்டுமானாலும் மாறும் என்று நம்பியதில் என்ன அதிசயம்? ஆபீசுக்கு நேராகப் போய் ஒரு வார்த்தை கேட்கலாம் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. கோதண்டம் சொன்ன பிறகு ஆபீஸ் எதற்கு?

முப்பதாம் நாள் பூசை முடிந்து கோயில் வாசலில் நிற்கும்போது தெரசா அம்மா மகளின் கையைப் பிடித்துக்கொண்டு, "ஒரு வருசந்தானடி. ஊர்ல போய் நிக்கக்கூட நமக்கு எடமில்ல" என்றார். ஞானகுமாரி சரி என்றாள். அந்த நாட்களில் எதைக் கேட்டாலும் சரிதான். சாப்பிடுகிறாயா என்றால் சரி, போதுமா என்றாலும் சரி. ஒருநாள் தெரசா அம்மா உப்பே போடாமல் குழம்பு வைத்துவிட்டார். நான் ஒரு வாய் வைத்துவிட்டுத் திகைத்துப் போனேன். இவள் தட்டை வழித்துச் சாப்பிட்டுவிட்டு எழுந்து போனாள். அழுதால் தேவலை என்று எனக்கு இருந்தது. அப்பா சாவுக்கும் அவள் சரியாக அழவில்லை. கால் மரத்துப் போனால் கிள்ளினாலும் தெரியாதே, ஆளே அப்படி ஆகிவிட்டாள்.

கல்லூரிக்கு அவளோடு நானும் போனேன். கணக்குத் துறைத் தலைவியாக இருந்த சிஸ்டர் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். விதியில் இப்படி ஒன்று கிடையாது என்றும், ஆனால் அடுத்த வருஷம் ஒரு இடத்தை இவளுக்காக நிறுத்தி வைப்பது தன் பொறுப்பு என்றும் சொன்னார். நல்ல மனுஷி. சொன்ன வாக்கை ஒரு வருஷம் காப்பாற்றினார். இந்தக் கதையில் செய்ய வேண்டியதைச் சரியாகச் செய்த ஒரே ஆள் அவர்தான்.

அக்டோபரில் வேலை வந்தது. சங்கு ஊதினால் வாசலில் கூட்டமாகச் சைக்கிள்கள் போகும். அந்தக் கூட்டத்தில் அப்பாவின் சைக்கிளை ஓட்டத் தெரியாமல் இவள் நடந்து போவாள். அங்கே யாரும் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை, அருள்தாஸ் பொண்ணு என்றுதான் கூப்பிட்டார்கள். கோப்புகளைக் கட்டினாள், டைப் அடிக்கக் கற்றாள், மாலையில் வந்து சுவரைப் பார்த்து உட்கார்ந்தாள். பிடிச்சிருக்கா என்று ஒருமுறை கேட்டேன். "ஒரு வருஷம்தானே பத்மா" என்றாள். சந்தோஷமாகவும் சொல்லவில்லை, வருத்தமாகவும் சொல்லவில்லை. பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டால் பதில் சொல்வது மாதிரி இருந்தது.

அடுத்த மே மாதம் சத்யாவுக்குப் பதினெட்டு முடிந்தது. பாவம் அந்தப் பையன், அக்காவை விடுவிக்கப் போகிறோம் என்று முடியெல்லாம் வெட்டிக்கொண்டு, அப்பாவின் சட்டை ஒன்றைப் பிடித்துத் தைத்துப் போட்டுக்கொண்டு ஆபீசுக்குப் போனான். கோதண்டமும் கூடப் போனார். நடந்ததைச் சாயங்காலம் சத்யாதான் என்னிடம் சொன்னான். அதிகாரி முதலில் விஷயம் புரியாமல் திருப்பித் திருப்பிக் கேட்டாராம். புரிந்ததும் சிரிக்கவில்லை, திட்டவும் இல்லை. இந்த வேலை எந்த ஆளுக்குக் கொடுத்தோமோ அந்த ஆளோடு சரி, ராஜினாமா செய்தால் வேலையும் போகும், வீடும் போகும், தம்பிக்கு வராது என்றாராம். அதோடு விட்டிருக்கலாம். போன வருஷமே பையன் மைனர் என்று எழுதிக் கொடுத்திருந்தால் அவனுக்காக நிறுத்தி வைத்திருப்போமே, அதுவரை வீட்டிலும் இருக்க விட்டிருப்போமே என்றும் சொல்லியிருக்கிறார்.

கோதண்டம் அன்றைக்கு எங்கள் வரிசைப் பக்கம் வரவில்லை. மறுநாள் வந்து, "நான் நல்லதுக்குத்தான் சொன்னேன், அக்கா" என்று தெரசா அம்மா முன்னால் கைகட்டி நின்றார். நல்லதுக்குத்தான் சொன்னார். அதுதான் எனக்கு இன்றைக்கும் ஆத்திரம். கெட்டவராக இருந்தால் வாய் நிறையத் திட்டியாவது தீர்த்துக்கொள்ளலாம். தெரசா அம்மா அவருக்குக் காப்பி கொடுத்தார். சத்யா கொல்லைப்புறத்தில் முகத்தை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். ஞானகுமாரி வேலைக்குப் போயிருந்தாள்.

ஜூலையில் சிஸ்டர் வரச் சொல்லியிருந்தார். அரை நாள் லீவு போட்டுவிட்டு இருவரும் போனோம். வழியெல்லாம் நான்தான் பேசினேன். வேலையை விட்டுத் தொலை, எங்கேயாவது ஒரு ரூம் பார்த்துக்கொள்ளலாம், சத்யா எஸ்டேட்டில் ஏதாவது வேலைக்குப் போகட்டும் என்று என்னென்னவோ சொன்னேன். அவள் பஸ் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு வந்தாள்.

துறை வராந்தாவில், இடம் காலியாகுமா என்று சர்டிபிகேட்டுகளோடு சில பெண்கள் காத்துக்கொண்டிருந்தார்கள். உள்ளே போனதும் ஞானகுமாரி நடந்ததை நாலே வாக்கியத்தில் சொன்னாள். சிஸ்டர் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். சண்டை போட்டாவது இன்னொரு வருஷம் இடத்தை நிறுத்தி வைக்கிறேன், அதற்குள் ஏதாவது வழி பிறக்கும் என்றார். எனக்கு உயிர் வந்தது. இவள் மாட்டேன் என்று தலையை ஆட்டினாள்.

"வேணாம் சிஸ்டர். நீங்க வெச்சிருந்தீங்கன்னா நான் தெனமும் அதையே நெனச்சிட்டு இருப்பேன். வேற யாருக்காவது குடுத்துடுங்க."

சிஸ்டர் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார். பிறகு மணியை அடித்து, வெளியே காத்திருப்பவர்களில் முதல் பெண்ணை அனுப்பச் சொன்னார்.

நாங்கள் வராந்தாவுக்கு வந்தோம். நான் அழுதுகொண்டிருந்தேன், அவள் அழவில்லை. பியூன் பெயரைக் கூப்பிட்டதும் ஒரு பெண்ணும் அவள் அப்பாவும் விழுந்தடித்துக்கொண்டு எழுந்தார்கள். அந்த மனிதர் வேட்டியை ஒரு கையில் பிடித்துக்கொண்டு, எங்கே போக வேண்டும் என்று தெரியாமல் ஞானகுமாரியிடமே கேட்டார். அவள் சிஸ்டரின் அறையைக் காட்டினாள். அந்தப் பெண் ஓட ஆரம்பித்தபோது ஞானகுமாரி அவள் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"இன்னைக்கே சேந்துடும்மா. வீட்ல யார் என்ன சொன்னாலும் தள்ளிப் போடாதே."