வடித்த தண்ணீர்

பிரித்த தையலிலிருந்து உருவிய நூலை அத்தான் ஆள்காட்டி விரலில் சுற்றிக்கொண்டிருக்கிறார். துணி நகராமல் தற்காலிகத் தையல் போட்டுவைக்க மறுபடி ஆகுமாம். அத்தான் என்றால் என் அக்காவின் கணவர்; தையல்காரர். அவர் கடையில் குப்பைக்கூடை உண்டு, குப்பைதான் கிடையாது. வெட்டிய துண்டு பேண்ட்டின் உள்பை ஆகும். அதிலும் மிஞ்சியது இயந்திரம் துடைக்கப் போகும். "தூக்கிப் போட யாராலதான் முடியாது? வச்சிக்கத்தான் சாமர்த்தியம் வேணும்" என்பார்.

இந்தச் சாமர்த்தியம் துணியோடு நின்றிருந்தால் நான் ஏன் வாயைத் திறக்கப்போகிறேன்?

அவருக்குச் சிறுநீரகம் இரண்டும் பழுது. உப்பைக் குறை, தண்ணீரை அளந்து குடி, வாழைப்பழம், பழச்சாறு பக்கமே போகாதே என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். இவரோ கறுத்துப்போன வாழைப்பழத்தைக் கண்டால் பதறுகிறார். "குப்பைக்குப் போறது வயித்துக்குப் போகட்டுமே!" பிள்ளைகள் தின்று போட்ட சிப்ஸ் பொட்டலத்தின் அடியில் கிடந்த உப்புத் தூளை உள்ளங்கையில் கொட்டி நக்கியவர். கேட்டால், "டாக்டர் சிப்ஸைத்தானே சொன்னாரு?"

அக்கா பாவம், கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு சமைக்கிறாள். காயைப் பொடியாக நறுக்கி, நிறையத் தண்ணீரில் வேகவைத்து வடித்துவிட வேண்டும். காயிலுள்ள பொட்டாசியம் பாதிக்கு மேல் தண்ணீரோடு போய்விடும். அது ரத்தத்தில் ஏறினால் இதயமே நின்றுவிடலாம் என்று டாக்டர் சொன்னதிலிருந்து அவளுக்குத் தூக்கமில்லை. அப்படியும் பரிசோதனைக்குப் பரிசோதனை அளவு ஏறிக்கொண்டே போனது. "வீட்டுல என்னதாம்மா சமைக்கிறீங்க?" என்று டாக்டர் அவள்மேல் எரிந்து விழுந்தார். அக்கா இரண்டாம் தண்ணீரும் வடித்தாள். "என் கையாலயே இவருக்கு விஷம் வைக்கிறேனோ" என்று என்னிடம் அழுதாள்.

போன வாரம் அவர்கள் வீட்டுச் சமையலறைக்குள் போனேன். வடித்த தண்ணீரில் மிளகுத்தூளைத் தூவி, ஊதி ஊதிக் குடித்துக்கொண்டிருந்தார் அத்தான். கையும் களவுமாக மாட்டியும் அசரவில்லை.

"காயோட சத்தெல்லாம் இதுலதான் இறங்குது. இதைப் போய்க் கொட்டறா உங்கக்கா!"

"அந்தச் சத்துதான் அத்தான் உங்களைக் கொல்லுது!" ஆத்திரத்தில் டம்ளரைப் பிடுங்கிவிட்டேன்.

சத்தம் கேட்டு அக்கா வந்தாள். டம்ளரைப் பார்த்தாள். அவள் திட்டியிருந்தால் தேவலை. "நான் வடிச்சதெல்லாம் இங்கதான் போச்சா?" என்றபடி தரையில் உட்கார்ந்துவிட்டாள். "எனக்குத்தாங்க சமைக்கத் தெரியலைன்னு நினைச்சேன்."



நேற்று வடிக்கும் வேலையை அத்தானே கேட்டு வாங்கிக்கொண்டார். முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு, பாத்திரத்தைச் சிங்க்கில் சாய்த்தார். தண்ணீர் எல்லாம் போனபின் ஓட்டையருகே ஒரே ஒரு பீன்ஸ் துண்டு ஒட்டியிருந்தது. விரல் தானாகப் போய் எடுத்துவிட்டது. குழாயில் கழுவினார். வாய்வரை கொண்டுபோனவர் நிறுத்தி, அதை அக்காவிடம் நீட்டிக் காட்டினார். அவள் தலையாட்டிய பிறகுதான் வாயில் போட்டுக்கொண்டார்.