சம்மதமா என்று கேட்காதவர்

தனபாலன் போய்விட்டார் என்று பிரிக்ஃபீல்ட்ஸ் அலுவலகத்துக்குத் தொலைபேசி வந்தது. அழுகைக்கு முன்னால் எனக்கு எரிச்சல்தான் வந்தது. அவரோடு, மக்கள் கருத்தைக் கேட்டறியும் எங்கள் ஆய்வு நிறுவனத்தில் குப்பை கொட்டியவர்களுக்கு இது புரியும். நான் எழுதிய எந்தக் கேள்வித்தாளை அவர் ஒழுங்காக அச்சுக்குப் போகவிட்டார்? நகலெடுக்க ஸ்டென்சில் வெட்டி முடித்த பிறகு வந்து நிற்பார். "மேகலா, இந்தக் கேள்விக்குள்ளயே பதில் உட்காந்திருக்கே."

கிள்ளானில் நடந்த என் தம்பி கல்யாணத்துக்கு அவரை அழைத்தேன், என் புத்தி! கை கழுவ வந்தவர்களிடம் சாப்பாடு எப்படி என்று கேட்டார். எல்லாரும் பிரமாதம் என்றார்கள். அத்தோடு விட்டாரா? இலையில் எதை மிச்சம் வைத்தீர்கள் என்று அடுத்துக் கேட்டார். சாம்பாரை என்றார்கள், ஒருவர் விடாமல். உப்புக் கரித்ததாம். அதன் பிறகு அம்மா அவர் பேச்சையே வீட்டில் எடுக்கவிடவில்லை.

காப்பார் தோட்ட விவகாரம் இன்னும் மோசம். தோட்டத்தை வாங்கிய கம்பெனி, அங்கிருந்த தொழிலாளர் குடும்பங்களை அடுக்குமாடிக்கு மாற்ற நினைத்து, அவர்கள் கருத்தை அறியும் வேலையை எங்களிடம் கொடுத்தது. 'புது வீட்டுக்குப் போகச் சம்மதமா?' என்று எழுதிக்கொண்டு வீடு வீடாக ஏறினேன். நாற்காலி போட்டு, தேத்தண்ணி கலக்கிக் கொடுத்து, எல்லாரும் "சரி லா" என்றார்கள். தாள்களைக் கட்டி முடித்தால், அனுப்பமாட்டேன் என்று இவர் அடம் பிடித்தார்.

"தேத்தண்ணி கொடுத்தவங்க உங்க மூஞ்சிக்கு நேரா வேணாம்னா சொல்லுவாங்க? இந்தத் தாள் கம்பெனிக்குப் போச்சுன்னா அவங்க வீடும் போச்சு."

மறுபடியும் வெயிலில் அலைந்தேன். வழியெல்லாம் அவரைத் திட்டிக்கொண்டே போனேன். அடுக்குமாடிக்குப் போனால் எதையெல்லாம் செய்ய முடியாது என்று இந்த முறை கேட்கச் சொல்லியிருந்தார். முன்பு சரி என்ற ஒரு வீட்டு அம்மாவே, "மாட்டை எந்த மாடியிலம்மா கட்டுறது?" என்றார். பிறகு யாரையும் நிறுத்த முடியவில்லை. அறிக்கையைப் பார்த்துக் கம்பெனி முகம் சுளித்தது. ஆனாலும் பேச்சுவார்த்தைக்கு இறங்கி வந்து, கடைசியில் தோட்டத்து ஓரத்திலேயே தரை வீடுகள் கட்டிக் கொடுத்தது.

துக்க வீட்டில், வந்தவர்கள் எல்லாரும் அவர் மனைவி கமலா அக்காவிடம், கஷ்டப்படாமல் போய்விட்டார் இல்லையா என்றுதான் கேட்டார்கள். அக்காவும் ஒவ்வொருவருக்கும் ஆமாம் என்று தலையாட்டிக்கொண்டிருந்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கூட்டம் குறைந்ததும் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"அக்கா, அன்னிக்கி என்ன நடந்துச்சு?"

அவர் என் கையை இறுகப் பிடித்துக்கொண்டார். "ரொம்பக் கஷ்டப்பட்டாரு, மேகலா" என்றவர், அப்போதுதான் வாய்விட்டு அழுதார்.

தனபாலனிடமிருந்து எனக்கு மிஞ்சியது இதுதான்: பதிலைக் கையோடு கொண்டுபோகாமல் கேட்பது. கேட்டுவிட்டு, வருவதைத் தாங்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பது. போன பிறகும் என்னை வேலை வாங்குகிறார், இந்த மனிதர்.