மழைக்கு ஈடான சனிக்கிழமைகள்

நனைந்த சணல் சாக்கின் வாடை இன்றும் எனக்கு எட்டாம் வகுப்பைத்தான் நினைவூட்டுகிறது. எண்பதுகளின் நடுவில் ஓர் ஐப்பசியில், நல்லூரில் நாங்கள் படித்த ஓட்டுப் பள்ளிக்கூடம் மழையில் ஒழுகி எட்டு நாள் மூடிக் கிடந்தது. திறந்த அன்று, ஈரத் தரையில் சாக்கு விரித்து எங்களை உட்கார வைத்த ரூத் டீச்சர், போன நாட்களுக்கு ஈடாக எட்டுச் சனிக்கிழமை வகுப்பு நடக்கும் என்றார். வகுப்பே முனகியது. என் பக்கத்தில் இருந்த சரோஜா மட்டும் விரல்விட்டு எண்ணிக்கொண்டிருந்தாள்.

சனிக்கிழமைகளில் அவள் தன் அம்மாவோடு பனியன் கம்பெனிக்குப் போய்ப் "பிசிறு" வெட்டுவாள், அதாவது தைத்து வந்த பனியன்களில் தொங்கும் நூல்முனைகளைக் கத்தரிப்பாள். சரக்கு கட்டி அனுப்பும் நாள் அது. அன்று வராத பிள்ளையின் இடத்துக்கு வேறு பிள்ளை வந்துவிடும். "நாளு கொறைஞ்சா பரீட்சைக்கு உட மாட்டாங்களாமா?" என்று என்னிடம் கேட்டாள். "நான் பாத்துக்கறேன்" என்றேன்.

பார்த்துக்கொண்டது எப்படியென்றால், டீச்சர் தலை நிமிராமல் பெயர் வாசிக்கும்போது குரலை மெலிதாக்கி அவளுக்கும் சேர்த்து "உள்ளேன் டீச்சர்" சொன்னேன். இரண்டு சனிக்கிழமை தப்பித்தோம். மூன்றாம் வாரம் கரண்ட் இல்லாமல் கம்பெனியை மூடிவிட, அவளே வகுப்புக்கு வந்துவிட்டாள். பழக்க தோஷத்தில் நானும் வாய் திறக்க, ஒரு பெயருக்கு இரண்டு குரல் எழுந்தது. பிள்ளைகள் சிரித்தார்கள். டீச்சர் சிரிக்கவில்லை.

விசாரித்துவிட்டு, முந்தைய இரண்டு நாளையும் சிவப்பு மையால் திருத்தி, சரோஜாவின் அம்மாவை வரச் சொன்னார். சேலையில் நூல் துணுக்குகள் ஒட்டியிருக்க வந்து நின்ற அந்த அம்மா, "ஞாயித்துக்கெழம வெச்சா அனுப்பறனுங்க டீச்சர். சனிக்கெழம முடியாதுங்க" என்றார். ஞாயிறு டீச்சருக்குச் சர்ச். இருந்தும் அவர், "ரெண்டு மணிக்கு வர்றேன், அனுப்புங்க. பெரிய சார்கிட்ட நான் பேசிக்கறேன்" என்றார். பிறகு என் பக்கம் திரும்பினார்: "அவளுக்காகக் குரல் குடுத்தியல்ல கண்ணு, நீயும் வரோணும்."

ஏழு ஞாயிறு, ஆளில்லாத பள்ளிக்கூடத்தில் நாங்கள் மூவர் மட்டும். எனக்குத் தெரிந்த கணக்கையே மறுபடி போட வேண்டியிருந்தது. சரோஜாவோ ஒன்றை இரண்டு முறை கேட்பாள், அதற்காகவே அவளை வெறுத்தேன். நாலாம் ஞாயிறு மழை பிடித்துக்கொண்டது. இன்று வகுப்பு இருக்காது என்ற நம்பிக்கையோடு எட்டிப் பார்க்கப் போனால், அவள் எனக்கு முன்பே வந்து உட்கார்ந்திருந்தாள். சற்று நேரத்தில் முழங்கால்வரை நனைந்த சேலையோடு டீச்சரும் வந்து குடையை மடக்கினார்.

முழுப் பரீட்சையில் அவள் கணக்கில் என்னைவிட மூன்று மதிப்பெண் அதிகம். ஆனால் ஒன்பதாம் வகுப்பு திறந்த நாளில் அவள் வரவில்லை. சாயங்காலம் அவள் வீட்டுக்குப் போனேன். "எட்டு பாஸாயிட்டா, அது போதுங் கண்ணு. இனி தெனமும் கம்பெனிதான்" என்றார் அவள் அம்மா. மறுநாள் டீச்சரிடம் சொன்னேன். "கணக்கு அவளுக்கு நல்லா வந்துச்சு" என்றார்.

இப்போது அங்கே ஓட்டுக் கட்டடம் இல்லை, மூன்று மாடி எழுந்திருக்கிறது. மழை விடுமுறையும், அதற்கு ஈடாக எந்தச் சனிக்கிழமை வகுப்பு என்பதும் கைபேசிக்கே வந்துவிடுகின்றன. சரோஜாவைப் பிற்பாடு காங்கேயத்தில் கட்டிக்கொடுத்ததாகக் கேள்விப்பட்டேன். அவளைத் தேடி நான் போனது அந்த ஒரு சாயங்காலம்தான்.