இரண்டு பாட்டிலும் ஒரு கோபக்காரனும்

லெட்சுமணனுக்குக் கோபம் வந்தால் கோத்தா திங்கி ஆற்றில் தண்ணீர் இரண்டடி ஏறும். அவன் குடியிருக்கும் தாமானில் அப்படித்தான் பேசிக்கொள்வார்கள். வெள்ளம் வந்த வருஷங்களை எல்லாம் யோசித்துப் பார்த்தால், அதில் பாதிக்கு மழையே காரணமில்லை, இவன் யாரோடோ சண்டை போட்டதுதான் என்று சொல்கிற ஆட்களும் உண்டு.

இருபது வருஷமாகச் செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டுகிறான். தோட்டத்தில் பிறந்து, ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன். அவன் ஹார்ன் அடித்தால் ரோட்டில் படுத்திருக்கும் மாடுகள் எழுந்து வரிசையில் நிற்கும். எண்ணெய் ஆலையில் எடை போடுகிறவன் இவன் முகத்தைப் பார்த்ததும் பேனாவைக் கீழே போட்டுவிடுவான்.

இப்பேர்ப்பட்டவனை அடக்கி வைத்திருந்தது ஒரே ஒரு ஆள். வயது மூன்று. பெயர் லோஷினி. அப்பனின் கோபத்தை அப்படியே நகல் எடுத்துப் பிறந்தவள். சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டால் திட்டுவாள், ரொட்டியைக் குறுக்கே வெட்டினால் திட்டுவாள். "அப்பா! ஒனக்குக் காது இல்லியா?" என்று அவள் இடுப்பில் கை வைத்தால், அந்த லோரி டிரைவர் பூனைக்குட்டி மாதிரி நிற்பான்.

அந்த வியாழக்கிழமை காலையில் அவள் திட்டவில்லை. லெட்சுமணன் வேண்டுமென்றே செருப்பைக் கால் மாற்றிப் போட்டுக்கொண்டு அவள் முன்னால் நடந்து பார்த்தான். வெறுமனே பார்த்தாள். கண்ணை மூடிக்கொண்டாள்.

முதல் நாள் சாயங்காலமே உடம்பு கொதித்தது. கிளினிக்குக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். மிஸ்ஸி என்று எல்லாரும் கூப்பிடும் நர்ஸ் ஒரு பாட்டில் மருந்து கொடுத்து, ஆறு மணி நேரத்துக்கு ஒரு தடவை, அஞ்சு எம்எல், அதற்கு மேல் கூடாது என்று மூன்று முறை சொல்லி அனுப்பினாள். அவன் மனைவி சந்திரமதி சிங்கப்பூரில் ஃபேக்டரி வேலை. விடியாத நேரத்தில் பஸ் வரும், ஏறாவிட்டால் அந்த மாதத்தோடு வேலைக்கு ஆபத்து. சுவரில் தொங்கும் காலண்டர் தாளில் "8, 2, 8" என்று பெரிசாக எழுதி வைத்துவிட்டு, மகள் நெற்றியில் கன்னத்தை வைத்துவிட்டு, அழுதுகொண்டே ஏறிப் போனாள்.

லெட்சுமணன் லீவு போட்டான். எட்டு மணிக்கு மருந்து கொடுத்தான். எட்டேகாலுக்கு முதலாளி போன் அடித்தார். லெட்சுமணன் வீட்டு வாசலுக்குப் போய், மலாயில் ஆரம்பித்துத் தமிழில் முடித்தான்.

"தவுக்கே! ஒங்க லோரி சூடானா ரோட்டோரமா நிறுத்தி தண்ணி ஊத்துறோம்லா! என் புள்ள சூடானா மட்டும் நான் ஓட்டிக்கிட்டே இருக்கணுமா?"

இது நடந்தது அரை மணி நேரம். மூன்று வீடு தள்ளிக் காயப்போட்ட துணி அந்தச் சத்தத்திலேயே காய்ந்துவிட்டது. அவன் போனை வைத்துவிட்டு உள்ளே வந்தால், வீடு இருட்டாகக் கிடந்தது. சன்னல் எல்லாம் சாத்தியிருந்தது. ஃபேன் நின்றிருந்தது. பின்பக்கமாக வந்திருந்த அவன் அக்கா தேன்மொழி, தன் வீட்டிலிருந்து கொண்டு வந்த தடித்த தோத்தோப் போர்வையால் பிள்ளையைப் பொட்டலம் கட்டியிருந்தாள். உள்ளே ஸ்வெட்டர், காலில் சாக்ஸ், தலையில் குல்லா. ஜோகூர் வெயிலில் பனிமலை ஏறப் போகிற ஆள் மாதிரி லோஷினியின் மூக்கு மட்டும் வெளியே தெரிந்தது.

"யக்கா! என்ன பண்ணி வச்சிருக்க?"

"காச்சக்காரப் புள்ளைக்குக் காத்து படக்கூடாதுடா தம்பி. வேர்த்து ஊத்தணும்."

"வேர்க்காதுக்கா, வெந்துரும்! நீ புள்ள வளக்குறியா, இட்லி அவிக்குறியா?"

"நான் மூணு பெத்தவடா! ஒனக்கு லோரி டயருக்குக் காத்தடிக்கத்தான் தெரியும்!"

அவன் சன்னலைத் திறந்தான். அவள் சாத்தினாள். அவன் ஃபேனைப் போட்டான். அவள் நிறுத்தினாள். அந்த சுவிட்ச் தன் ஆயுளில் பார்க்காத வேலையை ஒரு காலையில் பார்த்தது. கடைசியில் அவன் ஒன்றுக்குப் போன நேரத்தில் அவள் ஜெயித்தாள்.

பதினொன்றரைக்குக் காய்ச்சல் முப்பத்தொன்பதைத் தாண்டியது. தெர்மாமீட்டரை லெட்சுமணன் ஆலையில் எடை போடுகிறவனைப் பார்ப்பது போல் முறைத்தான். அதற்கென்ன தெரியும், அதுபாட்டுக்குக் கீகீ என்றது.

"கிளினிக் மருந்தாம் மருந்து! தண்ணியில சாயத்தக் கலந்து குடுத்து அனுப்பியிருக்கான்ங்க. யாரு கேக்குறது? நான் கேக்குறேன்!"

"கத்தாதடா. போன வாரம் ஒன் பொண்டாட்டி சிங்கப்பூர்லேருந்து ஒரு மருந்து வாங்கியாந்தாள்ல? அது ஃப்ரிட்ஜு மேல இருக்கு. அதக் குடு. சிங்கப்பூர் சாமான்லா, ஒரே அடிதான், காச்சல் ஓடிரும்."

சிங்கப்பூர் என்ற வார்த்தைக்கு அந்தத் தாமானில் தனி மரியாதை. அங்கிருந்து வந்தால் சவர்க்காரம்கூடக் கூடுதலாக நுரைக்கும் என்று நம்புகிற ஜனம். லெட்சுமணனும் அந்த ஜனத்தில் ஒருத்தன்தான். ஸ்ட்ராபெரி படம் போட்ட பாட்டிலை எடுத்துக் கரண்டியில் ஊற்றினான். "இது இங்க உள்ள மருந்து மாதிரி கெடையாது" என்று தனக்கே சொல்லிக்கொண்டு, பிள்ளையின் வாயருகே கொண்டு போனான்.

வழக்கமாக லோஷினிக்கு மருந்து கொடுப்பது என்றால் ஒருத்தர் காலைப் பிடிக்க வேண்டும், ஒருத்தர் கையை, இன்னொருத்தர் அக்கம்பக்கத்தாரைச் சமாதானப்படுத்த வேண்டும். அன்றைக்கு அவள் கண்ணைத் திறக்காமலேயே, சொன்ன பேச்சுக் கேட்கும் பிள்ளையாக, வாயைத் திறந்தாள்.

லெட்சுமணன் கை அங்கேயே நின்றுவிட்டது.

"என்னடா, ஊத்து!"

"இருக்கா. எவ்ளோ குடுக்கணும்னு பாத்துக்கறேன்."

அவனுக்கு ஒரு தொழில் பழக்கம் இருந்தது. தோட்டத்தில் கொடுக்கும் எடைச் சீட்டையும் ஆலையில் கொடுக்கும் சீட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, விரலை வைத்து, எழுத்து எழுத்தாக ஒப்பிட்டுப் பார்ப்பான். ஒருமுறை வேறொரு லோரியின் சீட்டை வாங்கி வந்து மூன்று மாதம் பேச்சு வாங்கியதிலிருந்து அப்படி. இரண்டு தாளைக் கண்டால் அவன் விரல் தானாக நீளும்.

இரண்டு பாட்டிலையும் மேசையில் வைத்தான். சிங்கப்பூர் பாட்டிலில் பெரிய பெயர் வேறு, படம் வேறு. கீழே பொடி எழுத்தில் ஒரு நீளமான வார்த்தை. கிளினிக் பாட்டிலிலும் ஒரு நீளமான வார்த்தை. வாயில் நுழையாவிட்டால் என்ன, எழுத்து தெரியும். இடது கை விரல் ஒன்றில், வலது கை விரல் மற்றதில். பி. ஏ. ஆர். ஏ. ஒவ்வொன்றாக நகர்த்தினான். பதினோரு எழுத்து. பதினொன்றும் ஒன்று.

"யக்கா. ரெண்டும் ஒரே மருந்துக்கா."

தேன்மொழியின் முகம் சாம்பலாகப் போனது.

"தம்பி... காலையில நீ தவுக்கேகிட்ட கத்திக்கிட்டு இருந்தப்ப... எட்டரைக்கு... நான் ஒரு கரண்டி அதுல குடுத்தேன்டா. அது பத்தலன்னுதான் திரும்பக் குடுக்கச் சொன்னேன்."

அப்போது லெட்சுமணன் போட்ட சத்தத்தை நான் எழுதினால் இந்தத் தாள் கிழிந்துவிடும். கரண்டி சுவரில் போய் அடித்தது. ஸ்ட்ராபெரி மருந்து காலண்டரில் இருந்த முருகன் மேல் வழிந்தது. அக்காவைத் திட்டினான், சிங்கப்பூரைத் திட்டினான், அங்கே வேலைக்குப் போன மனைவியைத் திட்டினான், போக வேண்டிய நிலைமையைத் திட்டினான். எல்லாரையும் திட்டி முடித்த பிறகு, தரையில் உருண்டுகொண்டிருந்த கரண்டியைப் பார்த்தான். ஒரு விரற்கடை தூரம். அவன் கையாலேயே கொடுத்திருப்பான். அதற்கு மேல் திட்ட ஆள் கிடைக்கவில்லை.

ஸ்வெட்டரை உருவி எறிந்து, பிள்ளையைத் தோளில் போட்டு, இரண்டு பாட்டிலையும் சட்டைப் பையில் திணித்துக்கொண்டு, காரை எடுத்தான். கிளினிக்கில் நுழைந்ததும் மிஸ்ஸி பாட்டில்களைப் பார்த்தாள், நேரத்தைக் கேட்டாள், பிள்ளையை எடை போட்டாள், டாக்டரிடம் ஓடினாள். திரும்பி வந்து ஆரம்பித்தாள்.

"நான் என்ன சொன்னேன் அண்ணே? வீட்டுல வேற மருந்து இருக்கான்னு கேட்டேன்ல? இல்லன்னீங்க! பேர் மாறினா மருந்து மாறிருமா? ஒரு தடவங்கறதால டாக்டர் பயமில்லங்கறாரு. நீங்க பாட்டுக்கு நாள் பூரா ரெண்டையும் மாத்தி மாத்தி ஊத்தியிருந்தா? ஈரல் என்னத்துக்கு ஆவுறது? ஸ்வெட்டர் வேற! மூஞ்செல்லாம் வேர்க்குரு!"

லெட்சுமணன் நின்றான். அவனை யாராவது அவ்வளவு நேரம் திட்டி அவன் திருப்பித் திட்டாமல் இருந்தது சரித்திரத்திலேயே அதுதான் முதல் தடவை. "சொல்லுங்க மிஸ்ஸி, இன்னும் சொல்லுங்க" என்றான். அவளுக்கே சந்தேகம் வந்து நிறுத்திவிட்டாள். டெங்கி இருக்கிறதா என்று ரத்தம் எடுத்தார்கள். இல்லை. இரண்டரைக்கு முன்னால் எதுவும் கொடுக்கக்கூடாது, வாந்தி எடுத்தாலோ எழுப்பியும் எழவில்லை என்றாலோ உடனே கொண்டு வர வேண்டும், மெல்லிய சட்டை, ஃபேன், வெதுவெதுப்பான தண்ணீரில் துணி நனைத்துத் துடைக்க வேண்டும்.

வீட்டுக்கு வந்தால் கேட்டுக்கு வெளியே தேன்மொழி நின்றுகொண்டிருந்தாள். மத்தியான வெயிலில், கையில் சுருட்டிய தோத்தோவோடு. பாதி அழுகை, பாதி பயம்.

லெட்சுமணன் அவளைத் தாண்டிப் போனான். கதவைத் திறந்தான். திரும்பாமலே கத்தினான்.

"வெயில்ல நின்னு நீயும் காச்ச வாங்கிக்காத! உள்ள வந்து தண்ணி காயவை! அந்தத் தோத்தோ மட்டும் என் வாசப்படி ஏறுச்சு, கொளுத்திருவேன்!"

அவள் தோத்தோவைக் கேட்டில் தொங்கவிட்டு ஓடி வந்தாள்.

அவன் துணியைப் பிழிந்தான், அவள் அக்குளையும் கழுத்தையும் துடைத்தாள். இரண்டரைக்கு ஒரே ஒரு பாட்டிலிலிருந்து மருந்து. சிங்கப்பூர் பாட்டிலை அவன் அலமாரி உச்சியில், லோரிச் சாவியையே போட்டுத் தொலைக்கிற மூலையில், முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பி நிறுத்தியிருந்தான், தண்டனை மாதிரி. ஒவ்வொரு பத்து நிமிஷமும் மகள் மூச்சு விடுகிறாளா என்று குனிந்து பார்த்தான். ஒவ்வொரு தடவையும் முறைத்தான். யாரை என்று அவனுக்கே தெரியாது.

ஐந்து மணிக்கு லோஷினியின் நெற்றி ஈரமானது. ஐந்தரைக்குக் கண்ணைத் திறந்து "மைலோ" என்றாள். லெட்சுமணன் சமையலறைக்குப் பறந்து, கையில் கிடைத்த பச்சைக் கப்பில் கலக்கிக்கொண்டு வந்தான். அந்த நேரம் பார்த்துச் சந்திரமதி ஃபேக்டரியிலிருந்து போன் அடித்தாள்.

"ஏங்க, புள்ள எப்படி இருக்கா? உண்மையச் சொல்லுங்க!"

அவன் பதில் சொல்வதற்குள் படுக்கையிலிருந்து சத்தம் வந்தது.

"அப்பா! இது பச்ச கப்பு! எனக்குச் செவப்பு கப்பு! ஒனக்குக் கண்ணு இல்லியா? காது இல்லியா?"

போனில் சந்திரமதி அழுகிறாளா சிரிக்கிறாளா என்று தெரியவில்லை. தேன்மொழி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். லெட்சுமணன் கப்பை வாங்கிக்கொண்டு சமையலறைக்குப் போனான். சிவப்புக் கப்பு தட்டில் கண்ணுக்கு எதிரேயே இருந்தது. அதைத் தள்ளி வைத்துவிட்டு, நீலக் கப்பை எடுத்து அதில் ஊற்றினான். இன்னொரு தடவை அவளிடம் திட்டு வாங்க வேண்டும் போலிருந்தது அவனுக்கு.