கூடாரத்தில் விரித்த பனையோலைப் பாய்

ஐம்பதுகளின் கடைசியில் வெம்பக்கோட்டைப் பக்கம் ஒரு டூரிங் டாக்கீஸில் மேனேஜராக இருந்தேன். இன்டர்மீடியட் படித்தவன், லைசென்ஸ் விதிகளை இங்கிலீஷில் வாசித்துப் புரிந்துகொள்வான் என்பதற்காகவே முதலாளி என்னை வைத்திருந்தார். அந்த விதிகளில் ஒன்று, இரண்டாம் ஆட்டம் இரவு ஒரு மணிக்குள் முடிய வேண்டும் என்பது. நான் அதை மதிக்கவில்லை.

மதுவிலக்குக் காலம் அது. கள்ளுக்கடை கிடையாது. பட்டாசுக் கம்பெனி ஆட்களுக்கு எங்கள் கூடாரம்தான் போக்கிடம். இன்டர்வெல்லை இழுத்தால் முறுக்கும் கலர் சோடாவும் கூடுதலாக விற்கும் என்று இழுத்தோம். படம் முடிய இரண்டரை ஆகும். பீட் கான்ஸ்டபிளுக்குக் குடும்பத்தோடு ஓசிப் பாஸ் கொடுத்திருந்ததால் அவர் மணியைக் கேட்பதில்லை.

பக்கத்துப் பட்டாசுக் கம்பெனியில் ஞானமுத்து என்று ஒரு ஃபோர்மேன். வெயில் ஏறுமுன் வெடிமருந்து கலந்து முடிக்க வேண்டும் என்பதால் கலவை ஆட்கள் விடியுமுன்னே வந்துவிடுவார்கள். இவர் வாசலில் நின்று ஒவ்வொருவரையும் துண்டையும் வேட்டி மடிப்பையும் உதறச் சொல்வார். மணல் உதிர்ந்தால் அந்த ஆள் ராத்திரி எங்கள் தரை டிக்கெட் மணலில் உட்கார்ந்து எழுந்து வந்தவன். மருந்தில் மணல் விழுந்து உரசினால் பற்றிக்கொள்ளும். தூங்காத கண் அதைவிட மோசம். அவனை அன்று பெட்டி ஒட்ட அனுப்பிவிடுவார். பெட்டி ஒட்டினால் கூலி குறைவு.

மெல்ல எங்கள் தரை டிக்கெட் கூட்டம் குறைந்தது. முதலாளி முகம் சுளித்தார். நான் சாத்தூர் சந்தையில் பனையோலைப் பாய்களை மொத்தமாக வாங்கி மணலின் மேல் விரித்தேன். கூட்டம் திரும்பி வந்தது. மணல் இல்லாத வேட்டியோடு ஆட்கள் ஞானமுத்துவைக் கடந்து உள்ளே போனார்கள். முதலாளி என் மூளையைப் புகழ்ந்தார். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

ஒருநாள் காலை டீக்கடையில் நின்றபோது வெடிச் சத்தம் கேட்டது. கம்பெனிப் பக்கம் புகை. முந்தின இரவு டிக்கெட் வாங்கிய முகங்கள் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தன. சைக்கிளை எடுத்து மிதித்தேன்.

மருந்து ரூம் இருந்த இடத்தில் சுவரே இல்லை. எட்ட இருந்த வேப்பமரத்தடியில் ஆட்களை உட்காரவைத்துப் பேர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார் ஞானமுத்து. எல்லோரும் பதில் சொன்னார்கள். கடைசியாக, ஈரத்துண்டைக் கையில் பிடித்துக்கொண்டு பரமசிவம் என்ற கலவை ஆள் கையைத் தூக்கினான்.

நடந்தது இதுதான். தூக்கம் வராமலிருக்க அவன் துண்டைத் தொட்டியில் நனைத்துத் தலையில் கட்டிக்கொண்டு மருந்து சலிக்க உட்கார்ந்திருக்கிறான். அலுமினியப் பவுடர் சேர்ந்த மருந்தில் ஈரம் பட்டால் தானாகச் சூடேறும். சொட்டுவதைப் பார்த்த ஞானமுத்து எல்லோரையும் வெளியே விரட்டியிருக்கிறார். மரத்தடிக்கு வந்து சேர்ந்த பிறகுதான் ரூம் வெடித்துப் போயிருக்கிறது.

"ஏலே, படம் பாத்தியா?" என்று கேட்டார் ஞானமுத்து.

"பாதிதான் அண்ணாச்சி. இன்டர்வெல் முடிஞ்சதும் தூங்கிட்டேன்."

"அங்கன தூங்குனவன் இங்கனயும் தூங்க வந்தியாக்கும்."

யாரோ சிரித்தார்கள். எனக்கு அழுகை வந்தது. அவரைத் தனியே கூப்பிட்டு, பாய் ஏன் வாங்கினேன் என்பதைச் சொன்னேன். ஒரு மணி விதியை மீறியதையும் சொன்னேன். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன்.

"பயலுவ திருந்திட்டானுவன்னுல்லா நெனச்சேன் மேனேஜரய்யா. மண்ணு இல்லன்னு நான்தானே உள்ள விட்டேன்" என்றார்.

அடித்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

மறுநாளே தாலுகா ஆபீஸுக்குப் போனேன். சனிக்கிழமை தவிர மற்ற நாட்களில் இரண்டாம் ஆட்டம் வேண்டாம் என்று தாசில்தாரிடம் எழுதிக் கொடுத்தேன். ஞாயிற்றுக்கிழமை கம்பெனி லீவு. தாசில்தார் இரண்டு தரம் வாசித்தார்.

"நேரத்தைக் கூட்டிக் குடுங்கன்னுதான் எல்லாரும் வருவாக. குறைக்கச் சொல்லி வந்த மொத ஆள் நீருதான். உடம்புக்கு ஒண்ணுமில்லையே?"

முதலாளிக்கு விஷயம் தெரிந்ததும், படித்தவனை வேலைக்கு வைத்தது தன் தப்பு என்று ஊரெல்லாம் சொன்னார். ஆனாலும் என்னை நீக்கவில்லை. விசாரணை வந்தால் ஓசிப் பாஸ் கதையும் வெளியே வரும் என்று அவருக்குத் தெரியும். ஞானமுத்துவிடமிருந்து இனி எதையும் மறைக்க வேண்டாமென்று பாய்களைச் சுருட்டிப் போட்டோம்.

இன்று லைசென்ஸ் வாங்கித் தொழில் நடத்தும் இளைஞர்கள் நேரக் கட்டுப்பாட்டைத் தொல்லை என்கிறார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். உங்களிடம் ராத்திரி வருகிறவர்கள் விடிந்தால் என்ன வேலைக்குப் போகிறார்கள் என்று விசாரித்துக்கொள்ளுங்கள். கதவை எப்போது மூடுவது என்று அதுவே சொல்லிவிடும்.

பல வருஷம் கழித்துப் பரமசிவம் தன் மகள் கல்யாணத்துக்கு அழைத்தான். பந்தியில் அவனே பரிமாற வந்தான். போதும் போதும் என்று நான் இலையை மறைக்க, அந்தக் கையை விலக்கிவிட்டு இன்னொரு கரண்டி சோறு வைத்தான்.