கடல் எப்போது வரும் என்று கேட்டவர்கள்

2004 டிசம்பரில் பேரலை வந்துபோன பின்பு, நான் அறிவிப்பாளராக இருந்த வானொலி நிலையத்தில் தொலைபேசி ஓயவே இல்லை. எடுத்தால் ஒரே கேள்விதான்: "இனியும் வருமா?" பதிலாக என்னிடம் இருந்தது மேலிடம் அனுப்பிய இரண்டு வரி. அச்சப்பட வேண்டாம், வதந்திகளை நம்ப வேண்டாம். நிதானமான குரலில் வாசித்தேன். சற்று நேரத்தில் வேறொரு தாள் வந்தது. கரையோர மக்கள் உடனே மேடான இடங்களுக்குப் போக வேண்டும். அதையும் அதே குரலில் வாசித்தேன்.

அதைக் கேட்டு ஓடியவர்களில், எங்கள் கடற்கரை ஊரில் மீன்பிடிக்கும் என் அண்ணன் குடும்பமும் உண்டு. அண்ணி நிறைமாதம். கடல் அன்று வரவில்லை.

மறுநாள் அண்ணன் கேட்டான்: "ஏட்டி, எதப் பாத்துட்டு எங்கள ஓடச் சொன்ன?"

"எழுதித் தந்தத வாசிச்சேன்."

"அப்போ உனக்கும் ஒண்ணும் தெரியாது, இல்லியா?"

அவன் கோபமாகக் கேட்கவில்லை. அதனாலேயே அது என்னை விடவில்லை. கடல் மட்டம், பருவநிலை என்று கிடைத்ததையெல்லாம் படித்தேன். வரப்போவதை முன்கூட்டி யோசிப்பதே தனித் துறை என்று அப்போதுதான் தெரிந்தது. சில வருடங்களில் வேலையை விட்டேன். கல்லூரிகளும் ரப்பர் விவசாயிகள் சங்கங்களும் பேசக் கூப்பிட்டார்கள். பிறகு கருத்தரங்குகளை நெறிப்படுத்தவும் கூப்பிட்டார்கள். அழைப்பிதழில் 'எதிர்காலவியலாளர்' என்று போட்டிருந்ததைப் பார்த்து அம்மா கவலைப்பட்டாள். "குறி சொல்லுக வேலையா மக்கா? மாதா கோயில் சாமியாருக்குத் தெரிஞ்சா பூசையில நன்மை அப்பம் தருவாரா?"

கடற்கரையின் எதிர்காலம் பற்றி நாகர்கோவிலில் ஒரு கருத்தரங்கு நடந்தது. மேடையில் வெளிநாட்டிலிருந்து வந்த நிபுணர். அவர் ஆங்கிலத்தில் பேசுவதைத் தமிழில் சொல்லி, கேள்வி பதிலை நடத்துவது என் பொறுப்பு. வடசேரியில் பஸ் இறங்கி எங்கள் ஊர்க்காரர்களும் வந்து பின்வரிசைகளில் இருந்தார்கள். அண்ணனும் இருந்தான்.

நிபுணர் திரையில் ஒரு வரைபடத்தைக் காட்டினார். கடல் ஏறினால் மூழ்கும் இடமெல்லாம் நீலம். எங்கள் ஊர் முழுக்க நீலமாக இருந்தது. அரங்கில் முணுமுணுப்பு எழுந்தது. ஒரு நாற்காலி சரிந்து விழுந்தது. அமைப்பாளர் மேடை ஓரத்தில் நின்று, முடித்துவிடு என்று கையைக் காட்டினார்.

அண்ணன் எழுந்தான். "நாங்க எங்க போவணும்னு கேட்டுச் சொல்லு."

நிபுணர் நீளமாக, பதமாகப் பதில் சொன்னார். பூசி மெழுகிச் சொல்ல வழி இருந்தது. அப்படிச் சொல்லுவேன் என்றுதான் அமைப்பாளர் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஊர காலி பண்ணிட்டு உள்ள தள்ளிப் போறதுதான் நல்லதுன்னு சொல்லுகாரு" என்றேன்.

"எப்போ?"

கேட்டேன். "எப்போன்னு சொல்ல முடியாதாம்."

"வள்ளத்தையும் மேட்டுல கொண்டு வைக்கணுமா? மீனு அங்க வருமா?"

யாரோ சிரித்தார்கள். மற்றவர்கள் சிரிக்கவில்லை. பின்வரிசை மொத்தமும் எழுந்து முன்னால் வந்தது. தொண்டர்கள் கை கோத்துத் தடுத்தார்கள். ஒலிபெருக்கியை நிறுத்தச் சொல்லி அமைப்பாளர் பின்னால் சைகை காட்டினார். அது நிற்பதற்குள் நான் மைக்கோடு கீழே இறங்கினேன். முதலில் நின்ற பெண்ணின் கையில் அதைக் கொடுத்தேன். "ஒவ்வொருத்தரா பேசுங்க. நான் இங்கிலீஷ்ல சொல்லுகேன், அவரு கேப்பாரு."

அவள் பேச ஆரம்பித்ததும் தள்ளுமுள்ளு நின்றது. சாயங்காலம் வரை பேசினார்கள். நிபுணர் எழுந்து போகவில்லை. அமைப்பாளர் மட்டும் என்னிடம் விடைபெறாமலே கிளம்பினார். அவர் பிறகு என்னைக் கூப்பிட்டதில்லை. வேறு சில அழைப்புகளும் நின்றுபோயின.

அண்ணன் பல மாதம் பேசவில்லை. ஊரைக் காலி பண்ணச் சொன்னவள் என்று கரையில் என்னைப் பற்றிப் பேச்சு இருந்தது. ஆனி ஆடிக் கடலடியில், அலை கரையேறி அடித்ததில், அவன் வீட்டு அடுக்களைச் சுவர் விழுந்தது என்று அண்ணிதான் சொன்னாள். போய்ப் பார்த்தேன். அண்ணன் கல் பொறுக்கிக்கொண்டிருந்தான், முகம் கொடுக்கவில்லை.

அடுத்த வாரம் அவனே போன் செய்தான். "ஏட்டி, ஊருல நாங்களே ஒரு கூட்டம் போடுகோம். நீ வந்து நடத்து. படம் காட்டுனவரும் வரட்டும். ஆனா அவரு கடைசில பேசட்டும்."

"வருவேன். ஆனா அவரு சொல்லுகத மாத்திச் சொல்ல மாட்டேன்."

"மாத்திச் சொல்லவா நான் உன்னக் கூப்பிடுகேன்?" என்றான்.