லைனிங் துணித் திரி

ஊருக்குக் கிளம்பிய தையல்காரர், எலுமிச்சைத் தொட்டிக்குப் பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீர் வைத்து, அதிலிருந்து மண்ணுக்குள் ஒரு துணித் திரியையும் விட்டுவிட்டு, பெரிய விஞ்ஞானி மாதிரி பஸ் ஏறினார். மறுநாள் மகள் வீட்டு சோபாவில் சாய்ந்தபோதுதான் அவருக்கு உறைத்தது. அவசரத்தில் கிழித்தது பருத்தித் துணி அல்ல, கோட்டுக்கு உள்ளே வைக்கிற பாலியஸ்டர் லைனிங். அது தண்ணீரை இழுக்காது. அடிக்கிற வெயிலுக்கு, முதன்முதலாகப் பூத்த செடி கருகியே போகும்.

வீட்டுச் சாவி கீழ்வீட்டு டீச்சரிடம் இருந்தது. அந்த லைனிங்கும் டீச்சருடையதுதான். "கோட்டு முடிஞ்சிடுச்சு, பட்டன் காஜா மட்டும்தான் பாக்கி" என்று மாதக்கணக்காக அவருக்குத் தண்ணி காட்டிவந்த தையல்காரர், வேறு வழியில்லாமல் போன் போட்டார்.

"டீச்சரம்மா, செடிக்குக் கொஞ்சம் தண்ணி ஊத்துறீங்களா?"

டீச்சர் படியேறுவதும் கதவைத் திறப்பதும் போனில் கேட்டன.

"ஐயோ, இலையெல்லாம் தொங்கிப்போச்சே! ஆமா, இந்தத் திரி என் கோட்டு லைனிங் மாதிரில்ல இருக்கு?"

எப்போதும் கைவசம் இருக்கும் பொய் ஒன்றுகூட அவர் வாயில் வரவில்லை.

"உங்களுதுதாம்மா. கோட்டு இன்னும் வெட்டவே இல்ல. எவ்வளவு வேணா திட்டுங்க, முதல்ல தண்ணிய ஊத்திடுங்க."

போனில், தொட்டியில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது.

"அது குடிக்கட்டும், பாவம். நீங்க வாங்க, உங்களுக்கு இருக்கு!"